மழையில் கைலாசநாதர் கோயில் காட்டியவன்

சுற்றுலா கைடு வேலையில் இருப்பவன் கோபுரத்தைப் பார்ப்பதைவிட வானத்தைத்தான் அதிகம் பார்ப்பான். கோபுரம் எங்கேயும் ஓடிப்போகாது. மேகம் அப்படி இல்லை. வேட்டி தொடையோடு ஒட்டிக்கொள்ள, குடை ஒரு பக்கம் திரும்பிக்கொள்ள, யாரும் கேட்காத சரித்திரத்தைக் கத்திச் சொன்ன அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே ஜாதி.

அறுபதுகளின் கடைசியில் மெட்ராஸில் ஒரு சுற்றுலாக் கம்பெனி, சனி ஞாயிறுகளில் பதினாலு பேர் உட்காரும் வேன் ஒன்றைக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஐப்பசி பிறந்தால் வேனை நிறுத்திவிடுவார்கள், தை மாதம்தான் திரும்ப எடுப்பார்கள். அந்த வருஷம் மேனேஜருக்கு என்ன தோன்றியதோ, மழையிலும் ஓட்டிப் பார்ப்போம் என்றார். பழைய கைடு, "மழையில எவன்யா கல்லைப் பாக்க வருவான்" என்று கழன்றுகொண்டார். அந்த இடத்துக்கு நான் போய் நின்றேன்.

ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதம் வெள்ளோட்டம். வந்தவர்கள் திரும்பும்போது அபிப்பிராய நோட்டில் இரண்டு வரி எழுதுவார்கள். நோட்டு நன்றாக இருந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால், 'சபாபதி எதுக்கும் லாயக்கில்ல' என்று எங்கள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையாகிவிடும். அப்படி ஏன் சொன்னார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கூடை மாறியது

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் தெருவில் மூக்கு ஒழுகிக்கொண்டு திரியும் குழந்தைகூட அரக்குச் சிவப்பு வேறு, மாதுளைச் சிவப்பு வேறு என்று பிரித்துச் சொல்லும். எனக்கு மட்டும் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும். பத்தொன்பது வயதுவரை அது எனக்கே தெரியாது என்றால் நம்புவீர்களா? எல்லாரும் என்னைப் போலத்தான் பார்க்கிறார்கள், பெயரை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். நானும் மனப்பாடம் செய்தேன். இடது பக்கக் கூடை நூல் சிவப்பு, வலது பக்கம் பச்சை.

ஒரு நாள் வீடு பெருக்கியவர்கள் கூடையை இடம் மாற்றி வைத்துவிட்டார்கள். தறியில் இருந்தது சிவப்பு முகூர்த்தப் புடவை. ஒரு முழ நீளத்துக்குப் பச்சை நூலை ஓட்டி நெய்து தள்ளிவிட்டேன். தள்ளியதோடு விட்டேனா? எவ்வளவு நெருக்கமாக நெய்திருக்கிறேன் பாருங்கள் என்று, நெய்ய நூல் கொடுத்த முதலாளியை வேறு கூப்பிட்டுக் காட்டினேன். மனுஷர் புடவையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், திரும்பப் புடவையைப் பார்த்தார். அதன்பிறகு எங்கள் வீட்டில் என்னைத் தறிக்குப் பக்கத்திலேயே விடவில்லை. கல்யாணம் ஆனபின் என் மனைவி கனகாதான் நெய்தாள். நான் எஸ்.எஸ்.எல்.சி.யை மூன்று தடவை எழுதினேன். அதில் தேறவில்லை, ஆனால் மூன்று தடவை படித்ததில் இங்கிலீஷ் நன்றாக வந்துவிட்டது. அன்றைக்கு முதலாளி சொன்னதைத் தெருவில் வெகுகாலம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

"மெட்ராஸ்ல ரோட்டு மேல செவப்பு வெளக்கும் பச்சை வெளக்கும் மாத்தி மாத்தி எரியுதாம்பா சபாபதி. இந்தப் பொடவைய எடுத்துக்கினு போயி அங்க மாட்டிட்டு வா!"

பதினாலு சாமிகள்

முதல் சனிக்கிழமை. வேனை ஓட்டி வந்தவர் ஆற்காட்டுக்காரர் மஸ்தான் பாய். ஊருக்கு மேற்கே வயல்வெளியை ஒட்டி நிற்கிற கைலாசநாதர் கோயிலுக்கு முதலில் போனோம். பல்லவர் கட்டியது, ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உள்ளே போனால் சுற்றுமதில் நெடுக வரிசையாகச் சின்னச் சின்ன மாடங்கள். ஓர் ஆள் குனிந்து நுழைந்து சம்மணம் போட்டு உட்காரலாம், அவ்வளவுதான். "பல்லவ மன்னர்கள்..." என்று நான் வாயைத் திறந்தேன், வானமும் திறந்துகொண்டது.

கண் மூடித் திறப்பதற்குள் பதினாலு பேரும் பதினாலு மாடத்துக்குள் போய்விட்டார்கள். நடு முற்றத்தில் நான் மட்டும். என் குடை காற்றில் மேலே திரும்பி மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பேசாமல் இருக்க முடியுமா? ஒவ்வொரு மாடத்து வாசலிலும் நின்று ஒரு வாக்கியம், அடுத்ததற்கு ஓடி அடுத்த வாக்கியம். முதல் மாடத்தில் ராஜா பிறந்தார், ஏழாவதில் பட்டத்துக்கு வந்தார், பன்னிரண்டாவதில் போரில் ஜெயித்தார். முழுக்கதை எவருக்கும் கிடைக்கவில்லை. இரண்டாவது சுற்று வரும்போது, திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மாடத்திலிருந்து தலையை நீட்டினார்.

"தம்பி, இன்னைக்குத்தான் இந்தக் கோயில்ல எல்லா மாடத்திலயும் சாமி இருக்கு. சுத்தி வர்ற பக்தன்தான் ஒரே ஒரு ஆளாப் போயிட்டான்."

ஈரச் சிங்கம்

மூன்றாவது வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெரிய மனிதர். உடம்பும் பெரியது. அறுபதாம் கல்யாணம் முடித்த கையோடு, அதே ஜரிகை வேட்டியில் மனைவியோடு வந்திருந்தார். மழை விட்டு அரை மணிதான் ஆகியிருந்தது. "பாத்து வாங்கய்யா, வழுக்குது" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கால் போய்விட்டது. நல்லவேளை, அந்தக் கோயில் தூண்களின் அடியிலெல்லாம் சிங்கம் உண்டு. ஒரு சிங்கத்தின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து நின்றார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அம்மா சிரித்தாரே ஒரு சிரிப்பு! அடக்கப் பார்க்கிறார், முந்தானையை வாயில் வைக்கிறார், முடியவில்லை. அவர் சிரிக்கச் சிரிக்க ஐயாவின் முகம் எனக்கே சிவப்பாகத் தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் நோட்டை வாங்கி எழுதினார்: 'மழை வரும் என்று கைடுக்கு முன்கூட்டித் தெரியவில்லை.' எனக்கு இதுதான் முதல் கெட்ட வரி. தலையில் கை வைத்துக்கொண்டு வேன் படியில் உட்கார்ந்துவிட்டேன். மஸ்தான் பாய் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"ஃபிக்கர் பண்ணாத சபாபதி, கவலய வுடு. அவரு எழுதினாரு, சரி. சிங்கம் ஒண்ணும் எழுதலியே, அதுக்கு ஷுக்ரியா சொல்லு."

பாசி

அந்த மாடங்களில் ஒன்றின் உள்சுவரில் ஒரு கறை இருந்தது. வந்தவர்களில் யாராவது எட்டிப் பார்த்து, "இது என்னங்க?" என்பார்கள். "மழைத்தண்ணி எறங்கி எறங்கிப் பாசி புடிச்சிருக்குதுங்க" என்பேன். என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. ஐந்து வாரமும் அதையே சொன்னேன். சந்தேகப்பட்டவர்கள்கூட, கைடு சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

ஆறாவது வாரம் திருச்சியிலிருந்து ஒரு டிராயிங் டீச்சர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், தடித்த கண்ணாடி, மழை படாமல் சுற்றிய படம் வரையும் நோட்டு. மழைக்கு ஒதுங்க அந்த மாடத்துக்குள் போனவர் அரை மணி நேரமாக வெளியே வரவில்லை. வேன் கிளம்பப் போகிறது என்று கூப்பிடப் போனேன். "வாங்க வாங்க, இந்தச் சிவப்பு எவ்வளவு ஜோரா இருக்கு பாருங்க!" என்றார். நான் என் பாசிப் பாடத்தை ஒப்பித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "இது தோள். இது கை. இங்கேயிருந்து இங்க வரைக்கும் துணி மடிப்பு. தெரியலையா?" எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மண் நிறத்தில் ஒரு திட்டு, அவ்வளவுதான். உண்மையை அங்கேயே சொல்லியிருக்கலாம். "கண்ணாடிய வீட்ல வெச்சிட்டு வந்துட்டேங்க" என்று புளுகினேன். என் ஜென்மத்தில் நான் கண்ணாடி போட்டதில்லை. அவர் நோட்டில் எழுதினார்: 'இங்கே பழைய சுவர் ஓவியம் இருக்கிறது. கைடு அதைப் பாசி என்கிறார்.' எழுதிவிட்டு, கோபமே இல்லாமல், வருத்தமாகத்தான் சொன்னார்.

"இத்தனை நூறு வருஷ மழையால அழிக்க முடியாததை ஒரு வார்த்தையில அழிச்சிட்டீங்களே தம்பி."

ஆறு முடிச்சு

புதன்கிழமை மேனேஜரிடமிருந்து கார்டு வந்தது. வரும் ஞாயிறு தானும் மனைவியும் வருவதாகவும், அந்த ஓவியத்தைப் பார்க்க வேண்டும் என்றும் இரண்டே வரி. வேலை போய்விட்டது என்றே முடிவு செய்தேன். தெருவில் எப்படி நடப்பேன்? முதலாளி இந்தத் தடவை என்ன ஜோக் சொல்வார்? சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, கனகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கண்ணாடிப் புளுகு உட்பட. திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் தறிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எங்களுடையது குழித்தறி. கால் வைக்கிற குழியில் மழைத்தண்ணீர் ஊறி முழங்கால் அளவுக்கு நின்றது. "நாலு நாளா தறி ஓடல. சும்மாத்தான இருக்கேன், கெளம்புங்க" என்றாள். "எங்க?" என்றேன். "ஒங்க பாசியப் பாக்கத்தான்" என்றாள்.

கிளம்பும்போது மடியில் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டாள். அறுந்த பட்டுநூல் துண்டுகள், தினுசு தினுசாக. கோயில் காவல்காரர் முனுசாமி முசரவாக்கத்துக்காரர், எனக்கு நல்ல பழக்கம். "பாரும்மா, பாக்க வேணாங்கல. செவுத்துல கை மட்டும் படக்கூடாது" என்றார். கனகா மாடத்துக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு நூலாக எடுத்துச் சுவருக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "இல்ல... இதுவும் இல்ல... இன்னும் கொஞ்சம் பழுத்த செவப்பு." கடைத்தெருவில் ரவிக்கைத் துணி பொருத்துகிற மாதிரி பல்லவர் சுவருக்கு நூல் பொருத்திக்கொண்டிருந்தாள். முனுசாமி வாசலில் நின்றபடியே ஒரு விஷயம் சொன்னார். வெயில் அடித்தால் வெளியே கண் கூசும், மாடம் இருட்டாகிவிடும், எவருக்கும் எதுவும் தெரியாது. மேகம் மூடின நாளில்தான் வெளிச்சம் சமமாக உள்ளே வரும். மழைக்காலத்தை நான் திட்டாத நாளில்லை. இந்தப் படத்தைப் பார்ப்பதற்கு அதுதான் சரியான காலமாம்!

கடைசியில் மூன்று நூல்கள் தேறின. நான் தடவியே அடையாளம் கண்டுகொள்ள, அரக்குச் சிவப்புக்கு ஒரு முடிச்சு போட்டாள். பச்சைக்கு இரண்டு. காவிக்கு மூன்று. பிறகு என்னை உள்ளே உட்காரவைத்து இடம் சொல்லிக்கொடுத்தாள். "மேல ஒரு வெடிப்பு இருக்குது பாருங்க. அதுக்குக் கீழ ரெண்டு வெரக்கட, ஒத்த முடிச்சு. அங்கேர்ந்து எடது கைப் பக்கம் வளைஞ்சு வருது, ரெட்ட முடிச்சு." எஸ்.எஸ்.எல்.சி.க்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை. சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இருபதாவது தடவையோ என்னவோ, திடீரென்று அந்தத் தோள் எனக்குத் தெரிந்தது. நிறம் இல்லை, கோடு. நிறம் முடிகிற இடம் எது என்று தெரிந்ததும் கோடு தானாக எழுந்து வந்துவிட்டது. ஆறு வாரமாக நான் பாசி என்று சொன்னது ஒரு அம்மனின் தோள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்து மழையில் நின்றுகொண்டேன், அழுதது தெரியாமல் இருக்க. கனகாவுக்குத் தெரியாமல் இருக்குமா? மூன்று நூலையும் ஒன்றாகச் சுருட்டி என் சட்டைப் பையில் வைத்தாள்.

"கல்யாணத்தன்னிக்கு நீங்க எனக்கு மூணு முடிச்சு போட்டீங்க இல்ல? இந்தாங்க, ஆறு முடிச்சு. வட்டியோட திருப்பிக் குடுத்துட்டேன்."

மேனேஜர் வந்த ஞாயிறு

விடியற்காலையிலிருந்தே விடாத மழை. வேனில் மேனேஜர், அவர் மனைவி, இன்னும் ஆறேழு பேர். மேனேஜர் செருப்பில் சேறு, முகத்தில் அதைவிட அதிகம். "எங்கய்யா அந்தப் பாசி?" என்றார். சட்டைப் பைக்குள் கை விட்டு முடிச்சுகளைத் தடவிக்கொண்டேன். மாடத்தின் வாசலில் நின்று ஆரம்பித்தேன். "மேல ஒரு வெடிப்பு தெரியுதுங்களா சார்? அதுக்குக் கீழ ரெண்டு விரற்கடையில அரக்குச் சிவப்பு. புதுப் புடவை அரக்கு இல்ல, பத்து வருஷம் கட்டித் தோய்ச்ச புடவை அரக்கு. அங்கேயிருந்து இடது பக்கம் பச்சை வளைஞ்சு வருது. அதுதான் தோள்." மேனேஜர் குனிந்து பார்த்தார். தலையை இன்னும் உள்ளே நீட்டினார். பிறகு "அட" என்றார். அதற்குப் பிறகு இன்னொரு "அட". அவர் மனைவி உள்ளே போய் உட்கார்ந்தவர், மழையைப் பற்றியோ சேற்றைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பிழைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர்களை அங்கேயிருந்தே ஊருக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

கோயில் முடிந்ததும் தறி பார்க்க எங்கள் வீட்டுக்கு அழைத்துப்போவது வழக்கம். புடவை, நிறம் என்று பேச்சு வந்தால் கனகாவைக் கை காட்டிவிடுவேன். அன்றைக்குக் கனகா தறிக்குழிக்குள் நின்று சொம்பால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தாள். மேனேஜரின் மனைவி பாயில் கிடந்த இரண்டு புடவைகளை ஆசையாக எடுத்து என் முன்னால் பிடித்தார். "கோயில்ல அரக்குன்னு காட்டினீங்களே, அது எவ்வளவு அழகு! இது ரெண்டுல அதுக்குப் பக்கத்துல வர்றது எதுங்க?" சுவரில் வெடிப்பு இருந்தது. புடவையில் ஏது வெடிப்பு? கனகா குழிக்குள்ளிருந்து கண்ணைக் காட்டுகிறாள், இடது என்கிறாளா வலது என்கிறாளா, எனக்குப் புரியவில்லை. முருகா என்று ஒன்றைத் தொட்டேன். "இதாங்க." தறிக்குழியில் தண்ணீர் இறைக்கிற சத்தம் நின்றுவிட்டது. அந்த அம்மா என்னையே பார்த்தார். "இது பச்சைங்க" என்றார்.

இனி என்ன புளுகுவது? கண்ணாடியை ஏற்கெனவே செலவழித்தாகிவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். கூடை மாறியது, பாசி, டீச்சர், கனகா. பையிலிருந்து நூலை எடுத்து மேனேஜர் கையில் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு நூலாகத் தடவி முடிச்சை எண்ணினார். "நிறம் தெரியாத ஆளை வெச்சு ஓவியம் காட்டறேன்னு மெட்ராஸ்ல சொன்னா என்னைப் பார்த்துச் சிரிப்பாங்கய்யா" என்றார். அவ்வளவுதான், முடிந்தது என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மனைவி விடவில்லை. "உங்களுக்கு எல்லா நிறமும் தெரியுமே. இதுவரைக்கும் நாலு தடவை இந்தக் கோயிலுக்கு வந்திருக்கோம், ஒரு தடவையாவது அந்தச் சுவத்தைப் பாத்திருக்கீங்களா? இன்னிக்கு யார் சொல்லிப் பாத்தீங்க?" என்றார். மேனேஜர் அபிப்பிராய நோட்டை வாங்கி, தறிக் கட்டையின் மேல் வைத்து, டீச்சர் எழுதிய வரிக்கு நேர் கீழே 'இப்போது காட்டுகிறார்' என்று எழுதினார். மழைக்காலத்திலும் வேன் ஓடும் என்று மஸ்தான் பாயிடம் சொன்னார். பிறகு நூலைச் சுருட்டி, என் கையில் கொடுக்காமல், என் சட்டைப் பையிலேயே வைத்துத் தட்டினார்.

"வேலை நிரந்தரம்தான்யா, ஆனா உனக்கு இல்ல, இந்த நூலுக்கு. அது தனியா வராது, துணைக்கு நீயும் வந்து சேரு."

இருபத்தாறு வருஷம் அந்த நூலுக்குத் துணையாகப் போய்வந்து ஓய்வும் பெற்றுவிட்டேன், வெயில் அடிக்கிற நாளில் யாராவது கோயில் காட்டச் சொன்னால் மட்டும், மேகம் வரட்டும் என்று இன்னமும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.